மூன்று கிராம் துரோகம்

அத்தியாயம் 4

துப்பாக்கிக் குண்டு காகிதத்தில் வட்டமாகத்தான் ஓட்டை போடும். ராகுகாலத்தில் சுட்டாலும் சரி, பூனை குறுக்கே போன பிறகு சுட்டாலும் சரி, வட்டம் வட்டம்தான். ஆனால் தேவேந்திரன் முன்னால் மேஜையில் விரித்திருந்த இலக்குத் தாளில் ஓட்டைகள் நீளமாகவும் சாய்வாகவும் இருந்தன. இரண்டு ஓட்டைகள் அப்படியே பழைய பூட்டின் சாவித் துவாரம்.

"இது சுட்ட மாதிரி இல்ல சார். எலி கடிச்ச மாதிரி இருக்குது," என்றாள் ஷாரோன்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டார் தேவேந்திரன். அதில் ஆறு வருஷமாக ஷாரோன் அவருக்கு உதவியாளர். வேலையில் கெட்டிக்காரி. வாய்க்கு மட்டும் தாழ்ப்பாள் வைக்க ஆண்டவர் மறந்துவிட்டார்.

இருவரும் இப்போது உட்கார்ந்திருந்தது தென்னேரி ஏரிக்கரையை ஒட்டிய துப்பாக்கி சுடும் கிளப்பின் அலுவலகத்தில். எதிரே அந்தத் தாளுக்குச் சொந்தக்காரி சுகாசினி. வயது இருபத்து மூன்று. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் கைலாசத்தின் ஒரே மகள். முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கைப் படுத்துக்கொண்டு சுடுவதில் இரண்டு வருஷமாக இந்த கிளப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு நடந்தது. அதில் கடைசி இடம் வந்தாள். அழுது முடித்த முகம். இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள்.

அவளை அழைத்துக்கொண்டு காந்தி ரோட்டு மாடிக்கு வந்தது அவளுடைய பயிற்சியாளர் குமரகுரு. தேவேந்திரனும் குமரகுருவும் ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. நாற்பது வருஷச் சிநேகிதம். "தேவா, உன்னத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன்டா" என்று சொல்லி அழைத்திருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே தேவேந்திரன் கையிலிருந்த இரண்டு வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருந்தார்.

"எதனால இப்படி ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார்.

சுகாசினி மேஜை மேல் இரண்டு குண்டுகளை வைத்தாள். தோட்டாவில் பொருத்தாத வெறும் குண்டுகள். ஒன்று குட்டை, ஒன்று கொஞ்சம் நீளம்.

"இது லேசு, பத்து கிராம். இது கனம், பதிமூணு. லேசு வேகமாப் போவும், ஆனா ஏரிக் காத்து அடிச்சா ஒதுங்கிடும். கனம் மெதுவாப் போவும், காத்துக்கு அவ்வளவா அசையாது."

"அப்போ கனத்தையே போட்டுட்டுப் போலாமே?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று அவள் விளக்கினாள். கனமான குண்டு நீளமாகவும் இருக்கும். நீளமான குண்டு நேராகப் போக வேண்டுமென்றால் அதிகமாகச் சுழல வேண்டும். துப்பாக்கிக் குழலுக்குள் திருகாணி மாதிரி ஓடும் பள்ளம்தான் அதைச் சுழல வைக்கிறது. அவள் துப்பாக்கியில் அந்தப் புரி தளர்ச்சி. பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுற்று. லேசான குண்டுக்கு அது போதும். கனத்தைப் போட்டால் சுழற்சி பற்றாமல் வழியிலேயே தள்ளாடிக் குறுக்காகப் போய் விழும்.

"எங்க தெருவுல ஒரு அண்ணன் சாயங்காலமானா இப்படித்தான் வூட்டுக்கு வருவாரு," என்றாள் ஷாரோன்.

சுகாசினிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பாக இருக்கும்.

"நான் ரெண்டு வருஷமா கனத்துக்கு மாறுன்னு சொல்லிக்கினு இருக்கேன்," என்றபடி குமரகுரு உள்ளே வந்தான். நெற்றியில் பட்டை விபூதி, இடது கையில் டீ ஃபிளாஸ்க். "போன வருஷம் காத்துலதான் ரெண்டு பாயிண்டு போச்சு. கேக்க மாட்டேங்குறா. சரி, அவ துப்பாக்கி, அவ இஷ்டம்." டீயை நாலு டம்ளரில் ஊற்றி, சுகாசினிக்கு முதலில் கொடுத்தான். அப்பன் கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று தேவேந்திரன் நினைத்துக்கொண்டார்.

போட்டிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலையில், கிளப்பின் தோட்டா அறையில் சுகாசினி லேசுக் குண்டு போட்ட தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பெட்டியில் அடுக்கியிருக்கிறாள். நிறுக்க அவள் வைத்திருந்தது அப்பாவின் ஜரிகைத் தராசு. பெட்டியைச் சுற்றி வீட்டுப் பட்டு இழையைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தை அழுத்தி முத்திரையும் வைத்து, அந்த அறையிலேயே விட்டுப் போயிருக்கிறாள். ஞாயிறு காலை முடிச்சும் அரக்கும் வைத்தபடியே இருந்தன. ஆனால் உள்ளே இருந்தவை கனமான தோட்டாக்கள். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. சுட்டது போக மிச்சம் இருந்த எட்டை அவள் நாலு நாள் கழித்துத்தான் நிறுத்துப் பார்த்தாள். எட்டும் மூன்று மூன்று கிராம் கூடுதல்.

"முத்திரை உடையல. அப்போ முத்திரை வெக்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க," என்றான் குமரகுரு. "அரக்கு உருக்க இவ கிளப் சமையல் ரூமுக்குப் போனா. அந்த அஞ்சு நிமிஷம் பெட்டி பக்கத்துல இருந்தது ராமராஜன் மட்டும்தான். எனக்கே மனசு ஒப்பல தேவா. ஆனா கமிட்டி அப்படித்தான் சொல்லுது."

ராமராஜன் கிளப்பின் தோட்டா அறைக் காவலர். சாவி அவரிடம். கமிட்டி இன்று மாலை நாலு மணிக்குக் கூடுகிறது. போலீஸுக்குப் புகார் தட்டச்சாகித் தயாராக இருந்தது. சுகாசினி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இது மாங்காய் திருடிய கேஸ் இல்லை. தோட்டா விவகாரம். ஆயுதச் சட்டத்தில் உள்ளே போனால் வெளியே வருவதற்குள் மனிதனுக்குப் பாதி ஆயுசு போய்விடும்.

"சாவி வெச்சிருக்கிறவன் மேலதான் எப்பவும் பழி வரும்," என்றாள் ஷாரோன். இந்த முறை அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ராமராஜன் வெளியே புங்கமரத்தடியில் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்து இரண்டு நாள் ஆகியும் கூரத்திலிருந்து பஸ் பிடித்துச் சரியாக ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறாராம். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"சனிக்கிழமை தோட்டா ரூமுக்குள்ள யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார் தேவேந்திரன்.

"வேத்தாளு ஒருத்தரும் வரல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலு மணிக்கு உங்க மேல புகார் போவப் போவுது."

"யோசிக்க என்னா சார் இருக்குது? வேத்தாளு யாரையும் நான் வுட மாட்டேன்." அவர் குரலில் பயம் இல்லை என்பதுதான் தேவேந்திரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "குமரகுரு மாஸ்டரு இருக்காரு சார். என்னைய இங்க வேலைக்குச் சேத்து வுட்டதே அவருதான். அவரு பாத்துப்பாரு."

அலுவலகத்துக்குத் திரும்பிய தேவேந்திரன் தோட்டாப் பெட்டியை எடுத்தார். போட்டியன்று சுகாசினி கத்தரித்துப் போட்ட பட்டு இழை உள்ளேயே சுருண்டு கிடந்தது. கடுகு மஞ்சள் நிறம். முடிச்சு இருந்தது, அரக்கு இருந்தது, மோதிரத் தடம் தெளிவாக இருந்தது. கமிட்டியார் எல்லோரும் அரக்கைப் பார்த்தார்கள். கோவில் தேரைப் பார்க்க வந்தவன் வடத்தையா பார்ப்பான்?

தேவேந்திரன் வடத்தைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, கண்ணை மூடிக்கொண்டு இழையை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுத்தார் என்பது சரி. முடிச்சிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெட்டிக்கு அடிப்பக்கம் வந்திருக்கக்கூடிய இடத்தில், விரலில் ஒரு சின்னத் தடிப்பு நெருடியது. கடுகில் பாதி இருக்கும். அந்த இடத்தில் இழை லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

"ஷாரோன், இந்த இழை அறுந்திருக்குது. திரும்ப ஒட்டியிருக்காங்க."

"முடிச்சே இல்லியே சார்?"

"முடிச்சுப் போடாம ஒட்டறதுதான் எங்க ஊர்த் தொழிலே."

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழைகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஐயாயிரம் இழை இருந்தால் ஐயாயிரம் தடவை. முடிச்சுப் போட்டால் சீப்பு மாதிரி இருக்கும் தறி அச்சுக்குள் நுழையாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் விரல் நுனியில் துளி சாம்பலைத் தொட்டு, இரண்டு இழை நுனிகளையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுவார்கள். இழுத்தாலும் விடாது. அச்சு பிணைப்பது என்று பெயர். தேவேந்திரனே பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆயிரக்கணக்கில் பிணைத்தவர்தான்.

ஷாரோன் தன் துப்பட்டாவிலிருந்து ஒரு நூலை உருவி முயன்று பார்த்தாள். மூன்று தடவை முறுக்கி மூன்று தடவையும் பிரிந்தது. "எங்க வூட்ல முறுக்குன்னா கிறிஸ்துமஸுக்குப் புழியறதுதான் சார். இது வேலைக்கு ஆவாது."

"ராமராஜனுக்கும் ஆவாது. கூரத்துல வயல் வேலை பாத்த குடும்பம், தறிப் பக்கமே போனதில்ல. முத்திரை வெச்ச அப்புறம் யாரோ அடிப்பக்கமா இழையை அறுத்துப் பெட்டியைத் தொறந்து, மாத்தி வெச்சு, திரும்பப் பிணைச்சிருக்கான். தறியில உக்காந்த கை."

நல்ல சேதியை நண்பனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? குமரகுருவைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவன் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நெசவு தெரிந்த கை என்றால் சுகாசினியின் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது நல்லது என்றான். மகள் அணியில் சேர்ந்து வடக்கே முகாமுக்குப் போவதில் கைலாசத்துக்கு இஷ்டம் இல்லையாம். வெள்ளிக்கிழமை பெரிய சண்டை நடந்ததாம். சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக அவர் கிளப்புக்கும் வந்திருந்தாராம்.

பெற்ற அப்பனா? ஆனால் இந்தத் தொழிலில் அது புதிதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் கைலாசத்தின் வீட்டு முன்கூடத்தை ஒரு தறி முழுசாக விழுங்கியிருந்தது. தறிக்குப் பின்னால் அவர் மனைவி வடிவாம்பாள் உட்கார்ந்து, அரக்குச் சிவப்புப் பாவுக்கு அச்சு பிணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல். விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து ஷாரோன் வாயைத் திறந்தபடி நின்றாள். அதுவும் சத்தம் வராமல் திறந்தபடி.

தேவேந்திரன் சுற்றி வளைக்காமல் கேட்டார். கைலாசம் கோபப்படவில்லை. ஆமாம், சண்டை நடந்தது என்றார். வடக்கே குளிர் அதிகம், பொண்ணுக்கு மூச்சிரைப்பு உண்டு, அதனால் வேண்டாம் என்றாராம். சனிக்கிழமை கிளப்புக்குப் போனது அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுக்க. அந்தச் சட்டை இன்னும் கடைப் பையோடு ஆணியில் தொங்கியது.

"கண்ணாலயே சொல்லிட்டா, போறேன்னு. அப்புறம் நான் யாரு தடுக்க?" என்றார். "அந்த இழையைக் குடுங்க, பாக்கலாம்."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு தறியில் மனைவி பிணைத்திருந்த இழை ஒன்றைக் காட்டி, பக்கத்தில் இதை வைத்தார்.

"என் சம்சாரம் பிணைச்சது வலப்பக்கம் சுத்தியிருக்குது. இது எதிர்ப்பக்கம் சுத்தியிருக்குது. பீச்சாங்கை வேலை, இது. எங்க வூட்ல பீச்சாங்கைக்காரங்க கிடையாதுங்க." கொஞ்சம் யோசித்தார். "இந்தத் தெருவுலயே பீச்சாங்கையில பிணைச்சது ஒரே ஒரு பையன்தான். ரொம்ப வருஷம் ஆச்சு. உங்களுக்கும் தெரிஞ்ச..."

"தெரியும்," என்றார் தேவேந்திரன்.

அந்தப் பையன் இடது கையால் எழுதியதற்குக் கணக்கு வாத்தியார் ஸ்கேலால் அடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தேய்த்துவிட்டவர் அவர். காலையில் டீ ஊற்றியது இடது கை. இரண்டு மணி நேரம் கண் எதிரே ஆடிய கை. ஊரில் உள்ளவன் கையை எல்லாம் பார்க்கத் தெரிந்த துப்பறிகிறவருக்குச் சிநேகிதன் கை மட்டும் கண்ணில் படவில்லை. படாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காரில் வாலாஜாபாத் தாண்டியதும் ஷாரோன் மெதுவாகச் சொன்னாள்: "ஊர்ல வேற பீச்சாங்கைக்காரங்க இருப்பாங்க சார்."

தேவேந்திரன் ராமராஜனுக்குப் போன் போட்டார். "வேத்தாளு வரலன்னு சொன்னீங்க. நம்ம ஆளு யாராவது சனிக்கிழமை உள்ள போனாங்களா?"

"மாஸ்டரு போனாரு சார், மத்தியானம். நான்தான் சாவி குடுத்தேன்." கொஞ்சம் தயங்கினார் ராமராஜன். "அவரு வேத்தாளா சார்?"

மூன்றரை மணிக்கு குமரகுருவின் அறையில் மூவர் இருந்தார்கள். அவன், தேவேந்திரன், புகாரில் கையெழுத்துப் போட வந்த சுகாசினி. ஷாரோன் கதவோரம் நின்றாள். சுவரில் குமரகுருவின் சொந்தத் துப்பாக்கி மாட்டியிருந்தது. தோட்டா தள்ளும் கைப்பிடி இடப்பக்கம் இருக்கும்படி, இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது.

தேவேந்திரன் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து மேஜையில் வைத்தார். வடிவாம்பாளிடம் வாங்கி வந்த அரக்குச் சிவப்பு. நடுவில் அறுந்து இரண்டாகக் கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைலாசம் வீட்டுக்குப் போனதையும், கம்பளிச் சட்டையையும், சண்டையையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். குமரகுரு உன்னிப்பாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் தெளிந்தது.

வாய் எவ்வளவு பொய் சொன்னாலும் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதிலும் நெசவுக்காரர் வீட்டில் வளர்ந்த கை அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. கேட்டுக்கொண்டிருந்தபடியே குமரகுருவின் இடது கை நீண்டது. இரண்டு நுனிகளையும் எடுத்தது. ஆள்காட்டி விரல் நெற்றிக்குப் போய் விபூதியைத் தொட்டது. ஒரு முறுக்கு. இழை ஒன்றாகிவிட்டது.

தேவேந்திரன் பேச்சை நிறுத்தினார். மஞ்சள் இழையை எடுத்து அந்தச் சிவப்பு இழைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே பக்கம் சுத்துது, குரு. ரெண்டுலயும் விபூதி."

குமரகுரு தன் விரல்களைப் பார்த்தான், யாரோ ஒருவருடைய விரல்களைப் பார்ப்பது போல.

சுகாசினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்பவில்லை. "மாஸ்டர்?" என்றாள். அவன் நிமிரவில்லை.

"யாருக்காக செஞ்ச?" என்று கேட்டார் தேவேந்திரன். "உன் பொண்ணு மாதிரி வளத்தவளைத் தோக்கடிக்க யாரு சொன்னாங்க?"

"தோக்கடிக்கவா?" குமரகுரு முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "அவ ஜெயிக்கணும்னுதான்டா மாத்துனேன்."

சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. ரெண்டு வருஷமாகச் சொல்லியும் அவள் கனமான குண்டுக்கு மாறவில்லை. அவனே தன் துப்பாக்கியில் கனத்தைப் போட்டு, ஏரிக் காற்று அடிக்கும்போதே சுட்டுப் பார்த்தான். பத்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். சொன்னால் கேட்கமாட்டாள், சொல்லாமல் மாற்றினால் ஜெயித்துவிடுவாள், ஜெயித்த பிறகு பெட்டியைத் திறந்து காட்டலாம், இனி தன் பேச்சைக் கேட்பாள் என்று கணக்குப் போட்டானாம்.

"எந்தத் துப்பாக்கியில சுட்டுப் பாத்தீங்க மாஸ்டர்?" என்றாள் சுகாசினி.

அவன் சுவரைப் பார்த்தான்.

"உங்களுதுல புரி நெருக்கம். பத்து அங்குலத்துக்கு ஒரு சுத்து. என்னுது பதினாலு. கம்பியில துணி சுத்திக் குழல்ல வுட்டு, அளந்து, உங்களுக்கு எழுதிக் குடுத்தேனே."

"ஒரே கம்பெனிதானே... ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு..." அவன் முடிக்கவில்லை. அவள் கொடுத்த காகிதத்தை அவன் படித்ததே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சுகாசினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தேவேந்திரனுக்குத் தோன்றியது.

"அன்னிக்குக் காலையில தோட்டா கையில கனமா இருக்குதுன்னு உங்ககிட்டதான் வந்து சொன்னேன் மாஸ்டர். அது உன் படபடப்பு, போய்ப் படுன்னு சொன்னீங்க. முதல் குண்டு தோள்ல இடிச்சப்போ கூட, நான்தான் பயந்துக்கினு இருக்கேன்னு நெனச்சேன். நாலு நாளா தராசையே எடுக்கல. என் கையை நானே நம்பல."

குமரகுரு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மேஜையிலிருந்த புகாரை எடுத்து, ராமராஜன் பேர் இருந்த இடத்தை ஒருமுறை படித்து, நான்காகக் கிழித்தாள். புதுத் தாள் ஒன்று கேட்டாள். ஷாரோன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், பேனாவையும் சேர்த்து. சுகாசினி அங்கேயே நின்றபடி எழுதி முடித்தாள். தன் தோட்டாவை மாற்றியது யார் என்றும், தேர்வைத் தான் மறுபடி சுட வேண்டும் என்றும், இந்த முறை தனக்குப் பயிற்சியாளர் யாரும் வேண்டாம் என்றும். எழுதியதை எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனாள். போகும்போது ஜரிகைத் தராசையும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அறையில் நாற்பது வருஷச் சிநேகிதர்கள் மட்டும். ஷாரோன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ராமராஜன் பேரை நான் சொல்லல தேவா. கமிட்டிதான் சொல்லுச்சு."

"இல்லன்னும் சொல்லல. அவனை வுட்டா கைலாசத்தைக் காட்டுன. சரி, அதெல்லாம் போவட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. விஷயம் வெளிய வரக் கூடாதுன்னா என்கிட்ட ஏன் வந்த?"

குமரகுரு டீ ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினான்.

"அவ விடாப்பிடியா யாராவது விசாரிக்கணும்னு நின்னா. வெளிய யாரு வந்தாலும் என்னையும் ஒரு வார்த்தை கேப்பான். நீ வந்தா கேக்க மாட்ட."

தேவேந்திரனுக்கு அவன் மேல் கோபம் கூட உடனே வரவில்லை. வெட்கமாக இருந்தது. உன்னைத் தவிர யாரையும் நம்பமாட்டேன் என்று அவன் சொன்னதைத் தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அவன் நம்பியது அவருடைய கண்ணை இல்லை, அவன் பக்கம் மட்டும் திரும்பாத கண்ணை. நன்றாகத்தான் நம்பியிருக்கிறான். இன்று மத்தியானம் வரை அது வீண்போகவில்லை.

"தேவா," என்று இடது கையை நீட்டினான் குமரகுரு.

தேவேந்திரன் மேஜையிலிருந்த இரண்டு இழைகளையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஷாரோன் வராந்தாவில் நின்றிருந்தாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "டீ சொல்லட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

கமிட்டி அறையிலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்து, ராமராஜன் நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்க அவருக்கு நேரம் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

புங்கமரத்தடியில் ராமராஜன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளாக நின்ற மனிதர் இப்போதுதான் மரத்தின் வேர் மேல் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. தேவேந்திரன் பக்கத்தில் வந்ததும் மறுபடி எழுந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா சார்? மாஸ்டருதானே பேசிக் காப்பாத்துனாரு?"

அவருக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. தேவேந்திரன் அவர் தோளில் கை வைத்து அவரை உட்கார வைத்தார். தானும் பக்கத்திலேயே அந்த வேரில் உட்கார்ந்தார்.

"இல்லப்பா," என்றார். "நம்ம ரெண்டு பேரையும் வித்தவன் அவன்தான்."